கமெலியா: மொட்டு நிறைய வைக்கிறது, பூக்க மட்டும் மாட்டேன் என்கிறது

புதுக்கை:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் தொட்டியில் ஒரு கமெலியா இருக்கிறது. சீட்டில் கமெலியா ஜப்போனிகா என்று மட்டும் போட்டிருந்தது, ரகத்தின் பெயர் இல்லை. இளஞ்சிவப்பு, இரண்டு மூன்று அடுக்கு இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. பூவோடு வாங்கியதால்தான் நிறம் தெரியும். அதற்கப்புறம் மூன்று வருடமாக ஒழுங்கான ஒரு பூவைக் கண்ணால் பார்க்கவில்லை.

செடியைப் பார்த்தால் நோஞ்சான் என்று சொல்லவே முடியாது. இலையெல்லாம் எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு. இலையுதிர் காலத்தில் கிளை நுனி எங்கும் மொட்டு. இந்த முறை உட்கார்ந்து எண்ணினேன், 43. பிறகு ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. விரல் பட்டாலே கையோடு வந்துவிடுகிறது. விழுந்ததையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தேன் (ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது). டப்பா நிறைந்துவிட்டது. பூத்தது இரண்டே இரண்டு, அவையும் பாதி விரிந்து பழுப்பாகிப்போயின.

உரம் போதவில்லையோ என்று மொட்டு வந்ததிலிருந்து கூடுதலாகவே கொடுத்துவருகிறேன். வேறு என்னதான் செய்வது?

மாடித்தோட்டம்:
மொட்டு உதிர்ந்தால் சாம்பல் சத்துக் குறைவு, சந்தேகமே வேண்டாம். வாழைப்பழத் தோலை மூன்று நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றுங்கள். அப்படியே காய்ச்சி வடிகட்டிய டீத்தூளையும் வேரில் போடுங்கள். கமெலியாவும் தேயிலையும் ஒரே இனம்தானே!

வேர்முடிச்சு:
தம்பி மாடித்தோட்டம், ஒரே பேரினம்தான், இனம் வேறு. லின்னேயஸ் 1753இல் பெயர் வைத்தபோது தேயிலையைத் தனியாகத் தேயா என்ற பேரினத்தில் போட்டார், பின்னால் வந்தவர்கள் இரண்டையும் கமெலியாவிலேயே சேர்த்தார்கள். அதற்காக டீத்தூளைப் போடுவது, செத்த சொந்தக்காரரின் சாம்பலைக் கரைத்துக் குடித்தால் உடம்பு தேறும் என்பது மாதிரி. கொஞ்சம் போட்டால் கெடுதல் இல்லை, குப்பையோடு குப்பையாக மட்கும். வேறு மாயம் ஒன்றும் அதில் கிடையாது.

புதுக்கை, உரத்தை இன்றோடு நிறுத்துங்கள். மொட்டு வந்த பிறகு உரம் கொடுப்பது இந்தச் செடிக்கு உபத்திரவம். கோடை நடுவோடு நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கப்புறம் போடும் உரம் உப்பாகத் தொட்டியில் தங்கும், இல்லாவிட்டால் காலம் தப்பித் துளிர் விட வைக்கும். இரண்டுமே மொட்டுக்கு ஆகாது.

அந்த டப்பாவை எறிந்துவிடவில்லையே? நல்லதாகப் போயிற்று. நான்கைந்து மொட்டுகளைப் பிளேடால் நெட்டுக்குத்தாக இரண்டாக வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். காம்பு ஒட்டியிருந்த அடிப்பக்கத்தையும் பாருங்கள். எந்த மாதத்தில் அதிகம் விழுந்தது? போன கோடையின் கடைசியில் தண்ணீர் யார் ஊற்றினார்கள்?

புதுக்கை:
வெட்டிப் பார்த்தேன் ஐயா. வெளியே செதில் மேல் செதிலாக, ஓட்டுக்கூரை மாதிரி அடுக்கி இருக்கிறது. செதிலில் பட்டுப்போல வெள்ளை மயிர், பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. உள்ளே இதழ்கள் நெல்மணி அளவுக்குச் சுருண்டு கிடக்கின்றன. சிலவற்றில் இதழ் வெளிறிய பச்சையாக இருக்கிறது, நடுவில் இருக்கும் மகரந்தத் தாள்கள் மட்டும் பழுப்பு. வேறு சில மொட்டுகள் பெரியவை, நுனியில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கிறது. அவற்றை வெட்டினால் உள்ளே முழுக்கப் புகையிலை நிறம். அடிப்பக்கம் இரண்டிலும் ஒரே மாதிரி: பிய்ந்த நார் எதுவும் இல்லை, ஆறிய தழும்பு மாதிரி வழவழப்பு.

தண்ணீர் பற்றிக் கேட்டீர்கள். கோடை முடிவில் மூன்று வாரம் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். அவர்கள் ஊற்றினார்கள் என்றுதான் சொன்னார்கள். திரும்பி வந்தபோது ஓர் இலைகூட வாடியிருக்கவில்லை, அதனால் தண்ணீரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

வேர்முடிச்சு:
அந்தக் கடைசி வரியில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தவன்தான்.

கமெலியா இலை தோல் மாதிரி தடிப்பு, மேலே மெழுகுப் பூச்சு வேறு. தக்காளிச் செடியோ ஹைட்ரேஞ்சியாவோ தாகம் எடுத்தால் மத்தியானமே தலையைத் தொங்கப்போட்டு நம்மைக் கூப்பிடும். இது கூப்பிடாது. இலை வாடுகிற அளவுக்குக் காய்ந்துவிட்டது என்றால் வேர் பாதி போயிற்று என்று அர்த்தம். அதற்கு ரொம்ப முன்னாலேயே, இலையைக் காப்பாற்ற, மொட்டைக் கைகழுவிவிடும்.

ஆனால் உடனே உதிர்க்காது. அடுத்த பூவுக்கான மொட்டு கோடை நடுவிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. நம் கண்ணுக்கு உருண்டையாகத் தெரிவது இலையுதிர் காலத்தில். இடையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மாதத்தில் வேர் காய்ந்தால் உள்ளே மகரந்தப் பகுதி அடிபடுகிறது. வெளிச்செதில் பச்சையாகவே இருக்கும், நாமும் மொட்டு மொட்டு என்று எண்ணிக்கொண்டிருப்போம். அப்புறம் செடி நிதானமாகக் காம்பின் அடியில் ஒரு பிரிவுப் படலத்தைக் கட்டி, தானாகவே கழற்றிவிடும். நீங்கள் பார்த்த வழவழப்பான தழும்பு அதுதான். ஆக, பனிக்காலத்தில் உதிர்கிற மொட்டுக்குக் காரணத்தைப் பனிக்காலத்தில் தேடக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, உண்மையிலேயே ஊற்றியிருப்பார். தொட்டிக் கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் நடுவில் பந்து மாதிரி இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றுவதெல்லாம் தொட்டியின் ஓரமாக வழிந்து அடித்துளையில் வந்துவிடும். பார்க்கிறவர் "அடியில் தண்ணீர் வந்துவிட்டது, போதும்" என்று நிறுத்திவிடுவார். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். பார்ப்பதற்குப் பெரிதாக இருந்து கைக்கு லேசாக இருந்தால் நடு வேர்ப்பந்து காய்ந்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியை அப்படியே இறக்கி, காற்றுக்குமிழி நிற்கும் வரை விட்டு எடுங்கள்.

கவாத்துக்கத்தரி:
வேர்முடிச்சு ஐயா சொன்னதில் பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். அந்தப் பெரிய மொட்டுகளை விட்டுவிட்டீர்களே. நுனியில் நிறம் காட்டும் அளவுக்கு வளர்ந்த மொட்டு கோடைத் தாகத்தில் செத்ததாக இருக்க முடியாது. அது வேறு கணக்கு.

புதுக்கை, நிஜத்தைச் சொல்லுங்கள். குளிருகிறதே என்று தொட்டியை வீட்டுக்குள் கொண்டுபோனீர்களா?

புதுக்கை:
...ஆமாம். நிறம் தெரிய ஆரம்பித்ததும் ஆசையில் கூடத்தில் கொண்டுவந்து வைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். வெளியே கடும் குளிர், உள்ளே கதகதப்பாக இருக்கட்டுமே என்று.

கவாத்துக்கத்தரி:
அதேதான்! நீங்கள் மட்டும் இல்லை, வெட்கப்பட வேண்டாம். இங்கிலாந்தில் முதன்முதலில் கமெலியா வளர்த்தவர் என்று பெட்ரே பிரபுவைச் சொல்வார்கள், 1739 வாக்கில். கிழக்கிலிருந்து வந்த செடி, வெப்பம் கேட்கும் என்று நினைத்துச் சூடேற்றிய கண்ணாடி வீட்டில் வைத்தார்கள். செத்தே போயிற்று. பாசத்தில் கொன்றவர்கள் பட்டியல் ரொம்பப் பழையது.

ஜப்பான், கொரியாவின் தென்பகுதி, சீனாவின் கிழக்குக் கரையோரம், தைவான், இந்த இடங்களில் காட்டு மரங்களின் நிழலில் வளர்கிற செடி இது. பனிக்காலக் குளிரும் ஈரக்காற்றும் அதற்குப் பழக்கம். வீட்டுக்குள் சூடு இருக்கிறதே தவிர காற்று எலும்பாய்க் காய்ந்திருக்கும், வெளிச்சமும் குறைவு. முற்றிய மொட்டுக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

வேர்முடிச்சு:
சரி, இதில் நான் தோற்றேன். சின்ன மொட்டு தாகத்தால், பெரிய மொட்டு கூடத்தால். இரண்டு குற்றவாளிகள்.

ஈரமண்:
மூன்றாவது ஒருவரும் இருக்கலாம் என்று தோன்றுகிறது :) பூத்த இரண்டும் பாதியில் பழுப்பானது என்றாரே. தொட்டி எந்தத் திசை பார்த்து இருக்கிறது? கிழக்கா?

புதுக்கை:
கிழக்கேதான் அக்கா. காலை வெயில் நல்லது என்று படித்தேன்.

ஈரமண்:
மற்றச் செடிகளுக்கு நல்லது. கமெலியாவுக்கு, அதுவும் பனி உறையும் இடத்தில், பூக்கிற காலத்தில் அது ஆபத்து. இரவில் இதழ் உறைந்திருக்கும். மெதுவாக இளகினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். விடிந்ததும் வெயில் சுள்ளென்று பட்டால் வேகமாக இளகித் திசு கிழிந்துவிடுகிறது. மத்தியானத்துக்குள் ஈரக் காகிதம் மாதிரி பழுப்பு. மேற்கோ வடக்கோ பார்த்த சுவர் ஓரம், இல்லையென்றால் ஒரு மரத்தின் சல்லடை நிழல், அங்கே மாற்றுங்கள்.

என் வெள்ளைப் பூ ரகத்தை இரண்டு வருடம் இப்படித்தான் பாழாக்கினேன். வெள்ளையில் ஒரு சொட்டு பழுப்பும் தூரத்திலிருந்தே தெரியும், மனசு கேட்காது. சிவப்பு கொஞ்சம் மறைத்துக்கொடுக்கும்.

வெயில்காரன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். குளிரே இல்லாத, வருடம் முழுக்க வெக்கையான இடத்தில் இது வருமா? படத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

கவாத்துக்கத்தரி:
உண்மையைச் சொல்லட்டுமா? ஜப்போனிகா வேண்டாம். மொட்டு உருவாகச் சூடு வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் அந்த மொட்டு தூக்கம் கலைந்து மலர நல்ல குளிர் வேண்டும், அதற்கு எங்கே போவீர்கள்? செடி பிழைக்கலாம், இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சசாங்குவா என்று இன்னொரு இனம் உண்டு. இலை சின்னது, வெயிலைக் கூடுதலாகத் தாங்கும், இலையுதிர் காலத்திலேயே பூத்துவிடும், லேசான வாசமும் உண்டு. குளிர் கொஞ்சமாவது எட்டிப் பார்க்கும் இடமாக இருந்தால் அதை முயலலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதற்கும் நான் கைச்செலவு செய்ய மாட்டேன்.

வெயில்காரன்:
பட்டென்று சொன்னதற்கு நன்றி. செம்பருத்தியோடு இருந்துகொள்கிறேன்.

மாடித்தோட்டம்:
டீத்தூளைக் கிண்டல் பண்ணிவிட்டீர்கள், பரவாயில்லை. நிஜமாகவே ஒரு கேள்வி. என் தோழியின் கமெலியாவில் புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. அமில மண் வேண்டும் என்கிறார்களே, இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

வேர்முடிச்சு:
நல்ல கேள்வி, கிண்டலுக்குப் பிராயச்சித்தமாக முழுசாகச் சொல்கிறேன். புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்து எட்டவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண் காரமாகிவிட்டது, காரத்தில் இரும்பு கரையாது, வேரால் எடுக்க முடியாது. அந்த வெள்ளைப் பூச்சே சாட்சி. இதற்கு ஏற்ற பிஎச் அளவு 5.5 முதல் 6.5 வரை. தேயிலையும் கமெலியாவும் அமில மண்ணில் பிறந்து வளர்ந்த குடும்பம், மற்றச் செடிகளுக்கு விஷமாகிற அலுமினியத்தைக்கூட இலையில் சேர்த்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

மழைநீரைப் பிடித்து ஊற்றச் சொல்லுங்கள். கலவையை மாற்றினால் பைன் பட்டைத் துண்டும் இலைமட்கும் கலந்த அமிலக் கலவை. அவசரத்துக்குச் செலேட் செய்த இரும்பு, அதாவது கார மண்ணிலும் வேர் எடுக்கக்கூடிய வடிவில் விற்கும் இரும்பு. பழைய இலை மட்டும் மஞ்சளானால் அது வேறு, ஒருவேளை மெக்னீசியம் குறைவு, ஒருவேளை சும்மா வயசாகி உதிர்கிறது.

இன்னொன்று, மஞ்சள் திட்டுத்திட்டாக, பெயின்ட் தெளித்தது மாதிரி இருந்தால் அது வைரஸ். மருந்து இல்லை, செடி சாகவும் சாகாது. வேடிக்கை என்னவென்றால், சிவப்புப் பூவில் வெள்ளைத் திட்டு விழ வேண்டும் என்பதற்காக அந்த வைரஸை ஒட்டுக்கட்டி வேண்டுமென்றே ஏற்றுகிறவர்களும் உண்டு.

புதுக்கை:
இங்கே எவ்வளவோ கற்றுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், செடி ஒரு பக்கம் சாய்ந்து வளர்கிறது. பூக்கவும் இல்லை, இப்போதே வெட்டி ஒழுங்கு செய்யலாமா?

கவாத்துக்கத்தரி:
என் பெயரைப் பார்த்துத்தான் கேட்டீர்களோ! கையில் கத்தரி இருக்கிறது என்பதற்காக வெட்டக் கூடாது. பூக்கும் பருவம் முடிந்ததும், புதுத் துளிர் கிளம்புவதற்கு முன்னால், அந்த இடைவெளிதான் கவாத்துக்கு நேரம். கோடை பிறந்த பிறகு வெட்டினால் அடுத்த வருட மொட்டையும் சேர்த்து வெட்டுவீர்கள். நுனியில் பருத்து உருண்டையாக இருப்பது பூமொட்டு, பக்கத்தில் ஒல்லியாக ஊசி மாதிரி இருப்பது இலைமொட்டு. வெட்டும்போது ஓர் இலைமொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

ஒரே நுனியில் மூன்று நான்கு பூமொட்டு கூட்டமாக இருந்தால் ஒன்றை விட்டு மற்றதைத் திருகி எடுத்துவிடலாம். 43 மொட்டையும் அந்தத் தொட்டிச் செடியால் சுமக்க முடியாது. கொஞ்சம் அதுவாகவே உதிர்க்கும், அதற்கெல்லாம் டப்பா எடுக்காதீர்கள்.

ஈரமண்:
தொட்டி மாற்றினால் ஆழமாகப் புதைத்துவிடாதீர்கள். வேர் மேலாகவே படரும் செடி. பழைய மண்மட்டம் எதுவோ அதே மட்டம். மேலே பட்டைத்தூள் மூடாக்கு, தண்டைத் தொடாமல்.

வெள்ளைக்கண்ணி:
தலைப்பை விட்டு வெளியே ஒரு கேள்வி. என் வீட்டுத் தரைச்செடியில் பச்சை ஆப்பிள் மாதிரி ஒன்றிரண்டு காய் தொங்குகிறது. இது என்ன?

வேர்முடிச்சு:
காய்தான். முற்றினால் மூன்றாக வெடித்துக் கறுப்பு விதை கொட்டும். ஜப்பானில் அதிலிருந்து எண்ணெய் எடுத்துத் தலைமுடிக்குப் பூசுவது பழைய வழக்கம், ட்சுபாக்கி எண்ணெய் என்பார்கள். விதையை ஊன்றினாலும் முளைக்கும், ஆனால் தாய்ச்செடி மாதிரியே பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பூவுக்கு ஐந்தாறு வருடமாவது காத்திருக்க வேண்டும். அதே பூ வேண்டுமென்றால் விண்பதியம் போடுங்கள், அதாவது கிளையைச் செடியில் இருக்கும்போதே வேர்விட வைத்துப் பிறகு வெட்டி நடுவது.

உங்கள் புனைபெயருக்கும் இந்தச் செடிக்கும் உறவு உண்டு, தெரியுமா? ஜப்பானில் பனிக்காலத்தில் பூச்சி குறைவு. அப்போது ஜப்போனிகாவின் தேனைக் குடித்து மகரந்தம் சுமப்பது வெள்ளைக்கண்ணிக் குருவிதான். மகரந்தம் மூக்கில் அப்பி மஞ்சளாக இருக்கும். நிறைய அடுக்கு இதழ் உள்ள ரகங்களில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிவிட்டதால் குருவிக்கு அங்கே வேலை இல்லை.

காயைப் பற்றி இன்னொரு கதை. அங்கே ஒரு கூன்வண்டு இருக்கிறது, பெண் வண்டின் மூக்கு அதன் உடம்பைவிட நீளம். காயைத் துளைத்து விதையில் முட்டை வைக்கத்தான் அந்த மூக்கு. செடி காயின் தோலைத் தடிப்பாக்க, வண்டு மூக்கை நீட்ட, இப்படியே போட்டி. தெற்கே யாகுஷிமா தீவில் காய்த்தோல் அநியாயத்துக்குத் தடிப்பு.

கவாத்துக்கத்தரி:
கதை என்றால் என்னிடமும் ஒன்று. ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கம் பில்னிட்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் 1801இல் நட்ட கமெலியா இன்னும் பூக்கிறது, உயரம் கிட்டத்தட்ட 9 மீட்டர். 1905 ஜனவரியில் அதன் மேல் கட்டியிருந்த மர வீடு தீப்பிடித்தது. உறைகிற குளிரில் தீயணைக்க ஊற்றிய தண்ணீர் செடி மேல் பனிக்கட்டியாகப் படிந்து, அதுவே போர்வையாகி, பிற்பாடு மறுபடி துளிர்த்துவிட்டது. இப்போது தண்டவாளத்தில் நகரும் கண்ணாடி வீடு இருக்கிறது. குளிருக்கு மேலே தள்ளிவைப்பார்கள், கோடையில் விலக்கிவிடுவார்கள். உள்ளே எவ்வளவு சூடு வைக்கிறார்கள் தெரியுமா, புதுக்கை? 4 முதல் 6 டிகிரி. உங்கள் கூடம் எத்தனை?

புதுக்கை:
கேட்காதீர்கள் :)

ஈரமண்:
1792இல் ஆல்பா பிளேனா என்ற வெள்ளை அடுக்குக் கமெலியாவை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த கப்பலின் பெயர் கர்னாடிக். எப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். சரி, நான் தூங்கப் போகிறேன்.

புதுக்கை:
இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். ஒரு வருடம் ஓடிவிட்டது.

செய்தது இவ்வளவுதான். தொட்டியை வடமேற்கு மூலையில் வேலி ஓரம் மாற்றினேன். கலவையை மாற்றும்போது வேர்ப்பந்தைப் பிரித்துப் பார்த்தேன், நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி, உள்ளே தூசி பறக்கக் காய்ந்திருந்தது. அத்தனை மழைக்கும் நனையவில்லை. கோடை முழுக்க மழைநீர், இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியைச் சாய்த்துக் கனம் பார்ப்பது. கோடை நடுவில் உரத்தை நிறுத்தினேன். மொட்டு 31 வந்தது, பத்தைத் திருகி எடுத்தேன். கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

நேற்று வரை பூத்தது 16. மூன்று உதிர்ந்தது, மிச்சம் இன்னும் மொட்டாக இருக்கிறது. இன்று காலை முதல் பூ விழுந்தது. இதழ் இதழாக உதிரும் என்று நினைத்தேன். அப்படியே முழுசாக, முகம் மேலே பார்க்க, மூடாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. செடியில் இருப்பதா தரையில் இருப்பதா எது அழகு என்று தெரியவில்லை.

வேர்முடிச்சு:
அடேயப்பா, 16! ஜப்போனிகாவில் இதழ்களும் மகரந்தத் தாள்களும் அடியில் ஒட்டியிருக்கும், அதனால் முழுப் பூவாகவே விழும். சசாங்குவா என்றால் இதழ் இதழாகக் கொட்டும். தலை உருள்வது மாதிரி இருக்கிறது என்று ஜப்பானில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது இதைக் கொண்டுபோக மாட்டார்கள்.

அழகாக இருக்கிறது என்று தரையில் ரொம்ப நாள் விட்டுவைக்காதீர்கள். இதழ் கருகல் பூசணம் ஒன்று உண்டு, விழுந்த பூவில் தங்கி மண்ணில் பல வருடம் கிடக்கும். பூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். காம்புப் பக்கம் சாம்பல் நிற வளையம் இருக்கிறதா?

புதுக்கை:
திருப்பிப் பார்த்தேன் ஐயா. வளையம் இல்லை, வெளிறிய பச்சை, நடுவில் ஒரு சின்ன துளை. ஓர் எறும்பு வெளியே வந்தது.

வேர்முடிச்சு:
அப்போ தேன் குடிக்க வந்த எறும்புதான். ஒரு நாள் கிண்ணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள், அப்புறம் குப்பையில் போடுங்கள். மட்குக் குழியில் வேண்டாம்.